கலைஞருக்கும் ஃபேஷன் பிராண்டுக்கும் சிற்பம் செய்து கொடுப்பது: முதல் ஆர்டர் எடுப்பவருக்கான வழிகாட்டி

கலைஞரோ பிராண்டோ தரும் வடிவத்தைப் பட்டறையில் சிற்பமாகச் செய்து கொடுப்பது என் தொழில். என் முதல் பெரிய ஆர்டரில் எனக்குக் கைநஷ்டம். செய்த பொருளில் ஒரு குறையும் இல்லை. ஒரு ஃபேஷன் பிராண்டின் கடை ஜன்னலில் வைப்பதற்காக, ஒன்றரை மீட்டர் உயரத்தில் ஐந்து கைகள். உள்ளங்கை விரிந்து, நகம் வரை பளபளக்க வேண்டும். செய்தேன். நிறத்தை மூன்று தடவை மாற்றச் சொன்னார்கள், மாற்றினேன். கடைசியில் கணக்குப் பார்த்தால் பெயின்டுக்கு மட்டும் நான் நினைத்ததைப் போல மூன்று பங்கு போயிருந்தது. அதைக் கேட்டு வாங்க என் கையில் ஒரு காகிதம்கூட இல்லை.

அதற்கப்புறம் எத்தனையோ வேலைகள் செய்துவிட்டேன். யோசித்துப் பார்த்தால், பட்டறையில் உடைந்து வீணானதைவிட, முன்கூட்டியே பேசாமல் விட்டதால் போன பணம்தான் அதிகம். அதனால் இந்தக் கட்டுரையில் கைவேலை நுணுக்கத்தைவிட, எதை எப்போது கேட்பது, எதை எழுதி வாங்குவது, எதற்கு எத்தனை நாள் ஆகும் என்பதைத்தான் அதிகம் சொல்லப் போகிறேன். களிமண்ணும் ரெசினும் உங்களுக்கு ஓரளவு பழக்கம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

1. முதல் பேச்சிலேயே கேட்டுவிடுங்கள்

படத்தைப் பார்த்த உடனே "செய்துவிடலாம்" என்று சொல்லாதீர்கள். முதலில் இவற்றைக் கேளுங்கள்: எத்தனை எண்ணிக்கை? உயரம், அகலம், ஆழம் என்ன? உள்ளே வைப்பதா, வெயிலிலும் மழையிலும் நிற்பதா? எத்தனை நாள் இருக்க வேண்டும்? மக்கள் தொடுவார்களா, மேலே ஏறி உட்கார்ந்து படம் எடுப்பார்களா? நிற்குமா, தொங்குமா? தொங்குவதென்றால் கூரை எத்தனை கிலோ தாங்கும்? பொருள் உள்ளே போகும் வாசலின் அளவு என்ன?

வாசல் அளவைக் கேட்க வெட்கப்படவே வேண்டாம். இரண்டு மீட்டர் அகலச் சிற்பத்தை ஒரு மீட்டர் வாசலுக்கு முன்னால் இறக்கி வைத்துவிட்டு நிற்பது எவ்வளவு வேதனை என்பது எனக்குத் தெரியும். முன்பே தெரிந்திருந்தால் இரண்டு துண்டாகச் செய்து உள்ளே போல்ட் போட்டிருக்கலாம்.

கலைஞரும் பிராண்டும் ஒரே மாதிரி வாடிக்கையாளர்கள் கிடையாது. கலைஞருக்குப் பொருள் பல பத்தாண்டுகள் நிற்க வேண்டும். பணம் குறைவாக இருக்கும். வேலை நடக்கும்போதே மனம் மாறும், அது அவர் தொழிலின் இயல்பு. பிராண்டுக்குப் பொருள் சில வாரங்கள் நின்றால் போதும். ஆனால் தேதி அசையாது. நியூயார்க், லண்டன், மிலான், பாரிஸ் ஃபேஷன் வாரங்கள் பிப்ரவரி-மார்ச்சிலும் செப்டம்பர்-அக்டோபரிலும் வருகின்றன. அதை ஒட்டிய ஆர்டர்கள் எல்லாப் பட்டறைகளுக்கும் ஒரே நேரத்தில் வந்து குவியும். அந்தச் சமயத்தில் பெயின்டரும் கிடைக்கமாட்டார், மரப்பெட்டி அடிப்பவரும் கிடைக்கமாட்டார்.

இன்னொரு கேள்வியும் முக்கியம். "கடைசி ஒப்புதல் யார் தருவார்?" ஒரே ஒருவர் பெயரை வாங்குங்கள். பிராண்டில் வடிவமைப்பாளர் சரி என்பார், அவருக்கு மேலே இருப்பவர் பிடிக்கவில்லை என்பார், ஏற்பாட்டு நிறுவனம் வேறொன்று சொல்லும். யார் சொன்னால் வேலை நகரும் என்பது முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும்.

2. கோப்பை வாங்கியதும் அளவைச் சரிபாருங்கள்

முப்பரிமாணக் கோப்பு பெரும்பாலும் எஸ்டிஎல் வடிவில் வரும். இந்தக் கோப்பில் எண் மட்டும்தான் இருக்கும், அலகு இருக்காது. அவர்கள் அங்குலத்தில் செய்ததை நீங்கள் மில்லிமீட்டராகத் திறந்தால் பொருள் 25.4 பங்கு சிறுத்துவிடும். அவ்வளவு பெரிய தவறு உடனே கண்ணில் பட்டுவிடும். ஆபத்து, யாரோ நடுவில் தோராயமாகப் பெரிதாக்கி அனுப்பிய கோப்பில்தான் இருக்கிறது. அதனால் "முடிந்த பொருளின் உயரம் 1500 மிமீ, அகலம் 620 மிமீ, ஆழம் 480 மிமீ, சரிதானா?" என்று மின்னஞ்சலில் எழுதி, பதில் வரும்வரை வெட்டத் தொடங்காதீர்கள்.

திரையில் அழகாக இருப்பதற்குத் தடிமன் இருக்காது. இலை, ரிப்பன், முடிக்கற்றை போன்றவற்றை எத்தனை மில்லிமீட்டர் தடிமனில் செய்யலாம் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இருபது சென்டிமீட்டர் மாதிரியை இரண்டு மீட்டராக்கும்போது இன்னொன்றும் நடக்கும். சின்னதில் கூர்மையாகத் தெரிந்த விரல்நுனி பெரியதில் மொழுக்கென்று இருக்கும். கன்னம் வெறுமையாக இருக்கும். பெரிதாக்கியபின் கையால் மறுபடி செதுக்க வேண்டியிருக்கும். அந்த நாட்களைக் கணக்கில் எழுதுங்கள், கலைஞரை நேரில் வரவழைத்து அந்த நிலையில் ஒரு ஒப்புதலும் வாங்குங்கள்.

3. பொருளைத் தேர்ந்தெடுத்தல்

எடையிலிருந்து தொடங்குவது நல்லது. ஒரு லிட்டர் வெண்கலம் சுமார் 8.8 கிலோ, அலுமினியம் 2.7 கிலோ, ஃபைபர் கிளாஸ் ஒன்றரை கிலோ அளவில் இருக்கும். உயரம் இரண்டு மடங்கானால் பரப்பு நான்கு மடங்கு, கனஅளவு எட்டு மடங்கு. "கொஞ்சம் பெரிசாக்கலாமா?" என்று சாதாரணமாகக் கேட்பார்கள், இந்தக் கணக்கைச் சொல்லிப் புரியவையுங்கள்.

வெண்கல வார்ப்பு என்றால், ஆறும்போது உலோகம் சுமார் 1.5 முதல் 2 சதவீதம் சுருங்கும். உலோகம் ஊற்றுவதற்கு முன் செய்யும் மெழுகு உருவமும் தன் பங்குக்குச் சுருங்கும். அச்சு எடுப்பதற்காகச் செய்யும் மூல உருவத்தை அதற்கேற்பப் பெரிதாகச் செய்ய வேண்டும். இன்னொரு உலோகத் துண்டில் கச்சிதமாகப் பொருந்த வேண்டிய உருவமாக இருந்தால் வார்ப்படக்காரரோடு முதலில் பேசிவிடுங்கள்.

புதியவர்கள் விழும் பள்ளங்கள் மூன்றைச் சொல்லியாக வேண்டும்.

ஒன்று, தெர்மோகோல் மேல் நேரடியாக பாலியெஸ்டர் ரெசின் பூசுவது. அந்த ரெசினில் உள்ள ஸ்டைரீன் தெர்மோகோலைக் கரைத்துவிடும். கண் முன்னாலேயே மூக்கு உள்வாங்கி, முகம் குழியாகும். அதற்குப் பதில் எபாக்சி ரெசின் பூசுங்கள், அல்லது முதலில் ஒரு காப்புப் பூச்சு கொடுங்கள்.

இரண்டு, அச்சு எடுக்கும் பிளாட்டினம் வகை சிலிக்கானைக் கந்தகம் கலந்த களிமண்மேல் ஊற்றுவது. தொட்ட இடம் எல்லாம் இறுகாமல் பிசுபிசுப்பாகவே நிற்கும். லேடெக்ஸ் கையுறை போட்டுக் கலந்தாலும் இதே கதை. உள்ளங்கை அளவில் ஒரு சோதனை ஊற்றிப் பார்த்தால் சில மணி நேரத்தில் தெரிந்துவிடும். அந்தச் சில மணி நேரத்தைச் சேமிக்கப் போய் ஒரு முழு உருவத்தையும் வாளி சிலிக்கானையும் இழக்காதீர்கள்.

மூன்றாவது உயிர் சம்பந்தப்பட்டது. பாலியெஸ்டர் ரெசினுக்குப் போடும் எம்இகேபி என்ற கடினமாக்கியையும் கோபால்ட் முடுக்கியையும் ஒருபோதும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்காதீர்கள், வெடிக்கும். ஒன்றை ரெசினில் முழுதாகக் கலக்கிவிட்டு அப்புறம்தான் மற்றதைச் சேர்க்க வேண்டும். இரண்டையும் ஒரே அலமாரியில் வைக்கவும் கூடாது. ஸ்டைரீன் ஆவிக்குச் சாதாரணத் தூசி முகமூடி பயன்படாது, ஆவியை வடிகட்டும் கார்ட்ரிட்ஜ் பொருத்திய முகமூடி வேண்டும். இந்தச் செலவுகளைக் கொட்டேஷனில் எழுதத் தயங்காதீர்கள்.

4. தீச்சான்றிதழை இப்போதே கேளுங்கள்

கடை, கண்காட்சி அரங்கம், நிகழ்ச்சி மேடை எதுவாக இருந்தாலும் தீப்பிடிப்பு வகைச் சான்றிதழ் கேட்க வாய்ப்புண்டு. ஐரோப்பாவில் இது இஎன் 13501-1 தரத்தின்படி இருக்கும். அடிக்கடி கேட்கப்படுவது 'பி-எஸ்1,டி0' என்ற வகை. 'பி' என்பது தீக்கு மிகக் குறைவாகவே துணைபோகும் என்பதையும், 'எஸ்1' புகை குறைவு என்பதையும், 'டி0' எரிந்து சொட்டாது என்பதையும் குறிக்கும்.

இந்தக் கேள்வி வழக்கமாக எப்போது வரும் தெரியுமா? பொருள் முடிந்து பெட்டியில் ஏறப்போகும் வாரத்தில். சாதாரண ரெசினில் செய்துவிட்டால் அப்போது ஒன்றும் செய்ய முடியாது. எந்த நாடு, எந்த இடம், என்ன சான்று என்று முதலிலேயே எழுதிக் கேளுங்கள். தேவையென்றால் தீத்தடுப்பு ரெசின் வாங்குங்கள், அதன் சான்றிதழையும் சேர்த்து வாங்கிக் கோப்பில் வையுங்கள். ரெசினுக்குச் சான்றிதழ் இருந்தாலும் அதன்மேல் நீங்கள் அடித்த பெயின்டுக்கும் உள்ளே வைத்த ஃபோமுக்கும் அது பொருந்தாது. மொத்த அடுக்குக்கும் சான்று கேட்பார்களா என்பதையும் தெளிவாக்கிக் கொள்ளுங்கள். சோதனைக்கூடத்துக்கு அனுப்ப வேண்டியிருந்தால் வாரக்கணக்கில் ஆகும்.

5. கொட்டேஷன் போடுவது

புதியவர்கள் பொருள்செலவைக் கவனமாகப் போட்டுவிட்டு, உப்புத்தாள் தேய்க்கும் நேரத்தை மறந்துவிடுகிறார்கள். பளபளப்பான சிற்பத்தில் பாதிக் கூலி பட்டி பார்ப்பதிலும் தேய்ப்பதிலும்தான் போகிறது. மேட் ஃபினிஷில் தெரியாத மேடுபள்ளம் கறுப்புப் பளபளப்பில் பத்தடி தூரத்திலிருந்தே தெரியும். அதே உருவம், அதே அளவு. ஆனால் மேற்பரப்பு மாறினால் விலையும் மாற வேண்டும்.

சிகாகோவில் இருக்கும், சிற்பி அனிஷ் கபூரின் 'கிளவுட் கேட்' சிற்பத்தைப் பாருங்கள். 168 எஃகுத் தகடுகளை வெல்டிங் செய்து, இணைப்பே தெரியாதபடி கண்ணாடிபோல் மெருகேற்றியது. முதலில் 60 லட்சம் டாலர் என்று மதிப்பிட்டார்கள். 2006-இல் முடிந்தபோது 2.3 கோடி டாலர் ஆகியிருந்தது. அவ்வளவு பெரிய வேலையிலேயே மதிப்பீடு இப்படித் தவறுமென்றால், நாம் 15 முதல் 20 சதவீதம் எதிர்பாராச் செலவுக்கு ஒதுக்குவதில் தவறே இல்லை.

அச்சு செய்யும் செலவையும் ஒவ்வொரு பிரதியின் செலவையும் தனித்தனியாக எழுதுங்கள். மொத்தமாகப் போட்டு ஐந்தால் வகுத்துச் சொன்னால், "அப்படியானால் இரண்டு மட்டும் போதும், அதே விலையில் கொடுங்கள்" என்று கேட்டு வருவார்கள். எனக்கு நடந்திருக்கிறது.

மறந்துபோகும் வரிகள் இவை: மாதிரித் துண்டுகள், உள்ளே இரும்புச் சட்டம், பெயின்டரிடம் கொண்டுபோய் வரும் வண்டி, மரப்பெட்டி, காப்பீடு, நிறுவும் ஆட்களின் இரவுக் கூலி, வேலை முடிந்தபின் அச்சை வைத்திருக்கும் இடம் அல்லது அழிக்கும் செலவு. "இந்த விலையில் இரண்டு சுற்றுத் திருத்தம் அடங்கும், அதற்குமேல் மணிக்கணக்கில்" என்ற ஒரு வரியும், "30 நாள் வரை செல்லும்" என்ற ஒரு வரியும் கண்டிப்பாக இருக்கட்டும். அந்த ஐந்து கைகளின்போது இந்த முதல் வரி இருந்திருந்தால் எனக்கு நஷ்டமே வந்திருக்காது.

6. கையெழுத்தாக வேண்டிய காகிதங்கள்

பிராண்டோடு வேலை என்றால் முதலில் ரகசிய ஒப்பந்தம் வரும். படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். உங்களுக்காக வேலை செய்யும் பெயின்டரும் வெல்டரும்கூட அதில் அடங்குவார்களா என்று பாருங்கள். அடங்கினால் அவர்களிடமும் எழுதி வாங்க வேண்டும். பட்டறையில் யாராவது கைபேசியில் ஒரு படம் எடுத்துப் போட்டாலும் பொறுப்பு உங்கள் தலையில்தான் விழும்.

அடுத்தது விற்பனையாளர் பதிவு. பெரிய நிறுவனங்கள் தங்கள் கணக்கு முறையில் உங்களைச் சேர்க்காமல் பணம் தர முடியாது. வரிப் பதிவு, வங்கிச் சான்று, சில இடங்களில் காப்பீட்டுச் சான்று என்று கேட்பார்கள். இதற்கே சில வாரங்கள் ஓடிவிடும். பேச்சு தொடங்கிய அன்றே இதையும் தொடங்கச் சொல்லுங்கள். பர்ச்சேஸ் ஆர்டர் கைக்கு வராமல், "தொடங்குங்கள், ஆர்டர் வந்துகொண்டிருக்கிறது" என்ற மின்னஞ்சலை நம்பிப் பொருள் வாங்காதீர்கள்.

பணம் கட்டம் கட்டமாக வரட்டும். நான் கேட்பது: தொடங்க 50 சதவீதம், மூல உருவ ஒப்புதலில் 30, பெட்டி கிளம்பும் முன் 20. பிராண்டுகள் பில் போட்டு 60 அல்லது 90 நாளில் தருவதாகச் சொல்வார்கள். கடைசித் தவணைக்கு அது பரவாயில்லை. முதல் தவணைக்கு ஒத்துக்கொண்டால் அவர்கள் வேலைக்கு நீங்கள் கடன் கொடுத்ததாகிவிடும்.

கலைஞரோடு போடும் ஒப்பந்தத்தில் அச்சு யாருக்குச் சொந்தம், எத்தனை பிரதி, கடைசிப் பிரதிக்குப் பின் அச்சை அழிப்பதா என்பதை எழுதுங்கள். வெண்கலத்தில் பிரான்ஸ் வழக்கம் 8 எண்ணிட்ட பிரதி, கலைஞர் தனக்கென வைத்துக்கொள்ளும் 4 பிரதி. எண்ணிக்கை எதுவானாலும் எழுத்தில் இருக்க வேண்டும், கூடுதலாக ஒன்றுகூட உங்கள் பட்டறையில் உருவாகக் கூடாது. பழுதான வார்ப்பையும் உடைத்துப் படம் எடுத்து அனுப்பிவிடுங்கள். நீங்கள் செய்தீர்கள் என்று வெளியில் சொல்லலாமா, எப்போதிலிருந்து சொல்லலாம் என்பதையும் இதிலேயே முடித்துக்கொள்ளுங்கள். அடுத்த வேலை அந்தப் படங்களைக் காட்டித்தான் வரும்.

7. மாதிரித் துண்டு ஒப்புதல்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் பின்பற்றுவதாக இருந்தால் இதைப் பின்பற்றுங்கள்.

கைபேசிப் படத்தைப் பார்த்துச் சொன்ன ஒப்புதல் ஒப்புதலே ஆகாது. உண்மையான பொருளில், உண்மையான பெயின்டில், உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிதாக மூன்று துண்டுகள் செய்யுங்கள். தட்டையான பலகையில் செய்யாதீர்கள். வளைவும் ஒரு ஓரமும் உள்ள துண்டாக இருக்கட்டும். தட்டைப் பலகையில் சாந்தமாகத் தெரியும் சிவப்பு, வளைவில் வெளிச்சம் வழுக்கும்போது வேறு சிவப்பாகத் தெரியும். ஒவ்வொன்றின் பின்னாலும் நிற எண் (ரால் அல்லது பான்டோன் நிற அட்டையில் உள்ளது), பெயின்ட் வகை, பளபளப்பு அளவு, எத்தனை கோட், தேதி என்று அழியாத மையில் எழுதுங்கள். நேரில் கொடுத்தோ கூரியரிலோ பார்க்கச் சொல்லி, அவர்கள் தேர்ந்த துண்டின் பின்னால் கையெழுத்து வாங்குங்கள். அதே மாதிரி இரட்டைத் துண்டு ஒன்று உங்களிடம் இருக்கட்டும். முடிந்த பொருளை அந்தத் துண்டோடு சேர்த்து வைத்துத்தான் பேச வேண்டும்.

எந்த வெளிச்சத்தில் பார்ப்பது என்பதும் ஒப்புதலில் சேர்ந்ததுதான். பகல் வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரியும் இரண்டு நிறங்கள் கடை விளக்கின்கீழ் இரண்டாகப் பிரிந்து நிற்கும். துணியோடோ கைப்பையோடோ சிற்பத்தின் நிறம் சேர வேண்டுமென்றால், அந்தத் துணித் துண்டையே கேட்டு வாங்கி, கடையில் இருக்கும் அதே வகை விளக்கின்கீழ் வைத்துப் பாருங்கள்.

சில வேலைகளில் ஒன்றுபோல் மற்றொன்று இருக்கக் கூடாது என்பதே வேண்டுகோளாக இருக்கும். 2022-இல் மிலானில் போட்டேகா வெனெட்டா என்ற ஃபேஷன் பிராண்டின் நிகழ்ச்சிக்கு வடிவமைப்பாளர் கயேட்டானோ பெஷே வடிவமைத்த 400 ரெசின் நாற்காலிகள் அப்படிப்பட்டவை, ஒவ்வொன்றும் தனி. அந்த மாதிரி வேலையில் ஒரு துண்டுக்கு ஒப்புதல் வாங்கிப் பயனில்லை. இந்த எல்லையிலிருந்து அந்த எல்லைவரை ஏற்கலாம் என்று இரு முனைகளுக்கும் துண்டு செய்து கையெழுத்து வாங்க வேண்டும்.

8. நாட்களைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

திறப்பு நாளிலிருந்து பின்னோக்கி எழுதுங்கள். ஒன்றரை மீட்டர் ஃபைபர் உருவம், ஐந்து எண்ணிக்கை, உயர் பளபளப்பு என்றால் என் கணக்கு ஏறக்குறைய இப்படி இருக்கும்: பேச்சும் காகிதமும் 2 வாரம், மூல உருவமும் ஒப்புதலும் 3 வாரம், அச்சு 1 வாரம், ஐந்து வார்ப்பு 2 வாரம், பட்டியும் பெயின்டும் 3 வாரம், பெயின்ட் இறுகுவதற்கும் பேக்கிங்குக்கும் 1 வாரம். பயணம் இதில் சேரவில்லை. நிறமாதிரி வேலை மூல உருவத்தோடு கூடவே நடக்கலாம். அதனால் நாள் கூடாது.

ரசாயனத்துக்கு அவசரம் தெரியாது. அறை வெப்பத்தில் எபாக்சி முழு வலு பெற ஒரு வாரம் ஆகும். சீக்கிரம் இறுகட்டும் என்று எபாக்சிக்கு ஹார்டனரைக் கூடுதலாக ஊற்றினால் அது வேகமாகாது, மெத்தென்றே நின்றுவிடும். வாடிக்கையாளர் ஒப்புதலுக்கு எடுக்கும் நாட்களையும் அட்டவணையில் எழுதுங்கள்: "மூன்று வேலை நாளில் பதில் வராவிட்டால் முடியும் தேதி அத்தனை நாள் தள்ளும்." இந்த வரியைப் பார்த்தால்தான் பதில் வேகமாக வரும்.

9. பேக்கிங்கும் பயணமும்

ஹார்டனர் கலந்து அடிக்கும் இரண்டு கூறு பாலியூரிதேன் பெயின்ட் மறுநாளே தொட்டால் கெட்டியாக இருக்கும். ஆனால் முழுதாக இறுக ஒரு வாரம் போல வேண்டும். அந்த ஐந்து கைகளில் ஒன்றை மூன்றாம் நாளே பபிள் ராப்பில் சுற்றிக் கயிறு கட்டினேன். பிரித்துப் பார்த்தால் உள்ளங்கை முழுக்க வரிசை வரிசையாக வட்டத் தடம். மீன் செதில்போல் சாய்வெளிச்சத்தில் தெரிந்தது. மறுபடி தேய்த்து மறுபடி அடித்தோம். பெயின்டைத் தொடும் முதல் சுற்று மென்மையான, அமிலமற்ற தாளாகவோ நெய்யாத துணியாகவோ இருக்கட்டும். குமிழ் எப்போதும் அதற்கு வெளியே, குமிழ்ப்பக்கம் வெளிநோக்கி.

பெட்டியின் அளவை வண்டியும் விமானமும்தான் தீர்மானிக்கும். சாதாரணக் கப்பல் கொள்கலனின் கதவு சுமார் 2.28 மீட்டர் உயரம், 2.34 மீட்டர் அகலம். பயணிகள் விமானத்தின் அடித்தளத்தில் சுமார் 1.6 மீட்டர் உயரத்துக்கு மேல் ஏறாது. அதைத் தாண்டினால் சரக்கு விமானம், செலவு எங்கேயோ போய்விடும். ஒன்றரை மீட்டர் சிற்பத்துக்கு அடியில் பலகையும் மேலே மெத்தையும் சேர்ந்தால் இந்த எல்லையைத் தாண்டிவிடும். படுக்க வைத்துப் பெட்டி செய்யலாமா என்று வடிவமைப்பு நாளிலேயே யோசியுங்கள்.

நாடு விட்டு நாடு போகும் மரப்பெட்டிக்கு ஐஎஸ்பிஎம் 15 முத்திரை வேண்டும். மரத்தோடு பூச்சி பரவாமல் தடுக்கும் சர்வதேச விதி அது. வெப்ப முறையில் என்றால் மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்கப்பட்டிருக்க வேண்டும். முத்திரை இல்லாத பெட்டி துறைமுகத்திலேயே நின்றுவிடும். ஒட்டுப்பலகைக்கு இது தேவையில்லை. ஆனால் அடியில் அடிக்கும் கட்டைகளுக்குத் தேவை. பலரும் மாட்டுவது அந்தக் கட்டைகளில்தான்.

சுங்கக் காகிதத்தில் இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பொருள் விவரம், எடை, படம் எல்லாம் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும். அசல் சிற்பத்துக்கான சுங்கத் தலைப்பு 9703. கடை ஜன்னல் அலங்காரப் பொருளை அந்தத் தலைப்பில் போட்டு வரி தப்பிக்க நினைக்காதீர்கள். கலைஞரின் கையெழுத்திட்ட சான்றிதழும் பிரதி எண்ணும் இருக்கும் சிற்பத்துக்கு அந்தக் காகிதங்களை இணைக்காமலும் விடாதீர்கள். சிற்பி பிரான்குசியின் பறவைச் சிற்பத்தையே 1926-இல் அமெரிக்கச் சுங்கம் உலோகச் சாமான் என்று சொல்லி 40 சதவீத வரி போட்டது; 1928-இல் நீதிமன்றம்தான் அதைச் சிற்பம் என்றது. காட்டிவிட்டுத் திரும்பி வரும் பொருளுக்கு, வரி கட்டாமல் தற்காலிகமாகக் கொண்டுபோக உதவும் ஏடிஏ கார்னே என்ற சுங்க ஆவணம் போதும். ஒரு வருடம் வரை செல்லும், விற்கப் போகும் பொருளுக்கு உதவாது. ஆர்டரில் 'டிடிபி' என்று மூன்றெழுத்து இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இருந்தால் போய்ச் சேரும் நாட்டின் வரி உட்பட எல்லாம் உங்கள் செலவு.

பெட்டியை மூடும் முன் எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். தேதி தெரியட்டும். உங்கள் பட்டறையிலிருந்து எடுப்பது முதல் அங்கே நிறுவுவது வரையிலான காப்பீட்டை யார் எடுக்கிறார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

10. நிறுவும் நாள்

கடை ஜன்னல் வேலை பெரும்பாலும் கடை மூடியபின் இரவில் நடக்கும். நீங்கள் போக முடியாவிட்டால், இதற்குமுன் அந்தச் சிற்பத்தைப் பார்த்திராதவர் தூக்கி வைப்பார். எங்கே பிடிக்க வேண்டும், எங்கே பிடிக்கக் கூடாது, எந்த போல்ட் எந்த ஓட்டையில் என்று படத்தோடு ஒரு பக்கம் எழுதிப் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டுங்கள்.

கூடவே ஒரு சிறிய டப்பா வையுங்கள். அதே கலவையில் எடுத்த பெயின்ட் ஐம்பது மில்லி, அதற்குரிய ஹார்டனர் தனியாக, மெல்லிய தூரிகை ஒன்று, 2000 எண் உப்புத்தாள் இரண்டு, மெருகுப் பசை, மென்துணி. விமானத்தில் போகும் பெட்டியென்றால் பெயின்டும் ஹார்டனரும் தீப்பற்றும் சரக்காகிவிடும். அவற்றைத் தரைவழியில் தனியாக அனுப்புங்கள். ஹார்டனர் டப்பாமேல் கலக்கும் விகிதத்தைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். பொருள் போய்ச் சேர்ந்ததும் "நல்ல நிலையில் பெற்றுக்கொண்டோம்" என்று ஒரு தாளில் கையெழுத்தும் நேரமும் வாங்கச் சொல்லுங்கள். அந்தத் தாளின் படம் உங்கள் கைபேசிக்கு வந்ததும், நிலுவை ஏதாவது இருந்தால் அதற்கான கடைசி பில்லை அன்று இரவே அனுப்பிவிடுங்கள்.